வயலுக்கு வழி: பிறர் நிலத்தின் மீது செல்லும் பாத்தியதையைப் பற்றிக் குடியானவர்கள் அறிய வேண்டுவன

நிலம் எவ்வளவு வளமுடையதாயினும், அதற்கு ஏர் செல்லவும், எரு செல்லவும், விளைந்த கதிர் களம் வந்து சேரவும் வழியில்லையேல் அது பாதி நிலமேயாகும். கிணறு வெட்டலாம், விதை மாற்றலாம், எரு கூட்டலாம். அயலார் மனம் வைத்தாலன்றி, அல்லது சட்டம் துணை நின்றாலன்றி, வழி ஒன்றை மட்டும் உண்டாக்கிக்கொள்ள இயலாது. ஆகையால் நிலமுடையோர் ஒவ்வொருவரும் தம் நிலத்தின் பரப்பையும் எல்லையையும் அறிந்திருத்தல் போலவே, அதற்குரிய வழியின் தன்மையையும் அறிந்திருத்தல் அவசியம்.

திருவள்ளூர் ஜில்லாவில் இவ்விஷயம் இப்போது முன்னிலும் முக்கியமாகிவிட்டது. சம்பா, நவரை, சொர்ணவாரி என்னும் பட்டங்களில் நெல் பயிராகும் இந்த ஏரிப்பாசனப் பிரதேசத்தில், ஒருவர் அறுவடை செய்யும் நாளில் அடுத்தவர் வயலில் பயிர் நிற்பது சாதாரணம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை தாலுக்காக்களிலோ, சென்னையினின்றும் வடக்கே செல்லும் ராஜபாட்டையும் ரயில் பாதையும் கும்மிடிப்பூண்டி வழியாய்ச் செல்வதால், சிப்காட் தொழிற்பேட்டைகளும், தனியார் ஆலைகளும், கிடங்குகளும், வீட்டுமனைப் பிரிவுகளும் வயல்களுக்கு இடையே எழுந்துள்ளன. முற்காலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் அதே ஊரினராயிருந்தார். இன்னார் வண்டி இந்த வரப்போரமாய்ச் செல்லும் என்பது ஊரறிந்த செய்தி. வாய்ச்சொல்லே பத்திரமாக நின்றது. இன்று நிலத்தை வாங்குவோர் பத்திரத்தையும் புலப்படத்தையும் மட்டுமே அறிவர். கிரயம் முடிந்த மறுமாதம் சுற்றுச்சுவர் எழும்பும். சுவருக்கு அப்பாலுள்ள குடியானவரோ நெற்கட்டைத் தலைச்சுமையாய்ச் சுமக்க வேண்டியவராவார். அப்பொழுது சட்டத்தைத் தேடுவதைக் காட்டிலும், முன்னரே அறிந்திருப்பது மேல்.

பாத்தியதை என்பது யாது

பிறருடைய நிலத்தின் மீது நடக்கவும், வண்டி ஓட்டவும், நீர் கொண்டு செல்லவும் ஒருவருக்குள்ள உரிமையைக் கிரயப் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியதை, வாய்க்கால் பாத்தியதை என்று எழுதுவது வழக்கம். இதனை ஒழுங்குபடுத்துவது 1882-ம் வருஷத்து 5-வது சட்டமாகிய இந்திய ஈஸ்மெண்டு சட்டமாகும். சட்ட மெம்பராயிருந்த விட்லி ஸ்டோக்ஸ் என்பவரால் வகுக்கப்பட்டு, 1882-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி அமுலுக்கு வந்த இச்சட்டம், முதன்முதலில் சென்னை மாகாணத்திலும், மத்திய மாகாணங்களிலும், குடகிலுமே செல்லுபடியாயிற்று. பிற மாகாணங்களுக்குப் பின்னரே நீட்டப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டுக் குடியானவர்கள் ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேலாக இச்சட்டத்தின் கீழேயே வாழ்ந்து வருகின்றனர்.

இச்சட்டத்தின்படி பாத்தியதை ஒன்றுக்கு நிலங்கள் இரண்டு வேண்டும். ஒன்று பயன் பெறும் நிலம். மற்றொன்று சுமை தாங்கும் நிலம். அவ்விரண்டும் வெவ்வேறு நபர்களுக்குச் சொந்தமாயிருத்தல் வேண்டும். இந்த உரிமை மனிதரைப் பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது. எனவே பயன் பெறும் நிலத்தை விற்றால், பத்திரத்தில் தனியே எழுதாவிடினும் பாத்தியதை நிலத்துடனேயே வாங்குபவரிடம் செல்லும் என்று 19-வது பிரிவு கூறுகிறது. வழியைத் தருபவருக்கு அவ்வழியின் மண் சொந்தமாகவே இருக்கும்; நடப்பவருக்கு நடக்கும் உரிமை மட்டுமே உண்டு. வழிப் பாத்தியதையை வைத்துக்கொண்டு அவ்வழியில் வைக்கோற்போர் போடவோ, மரம் நடவோ ஒருவருக்கும் அதிகாரமில்லை.

முதலில் வழி யாருடையது என்று பார்த்தல்

வழக்கு நேர்ந்த இடங்களில் பெரும்பாலும் காணப்படும் குறை யாதெனில், வழி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒருவரும் முதலில் பாராமையேயாகும். சர்க்காருக்குச் சொந்தமான வண்டிப்பாதைப் புறம்போக்கு ஒருவகை. இதற்குத் தனிச் சர்வே எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருக்கும். கிராமத்து ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு என்றே காணப்படும். இதில் நடக்க எவருக்கும் பாத்தியதை நிரூபணம் வேண்டுவதில்லை. இருபுறத்து நிலங்களையும் ஒருவரே வாங்கிவிட்டாலும் நடுவிலுள்ள பாதை அவருடையதாகாது. அதை அடைத்தல் 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அகற்றத்தக்க ஆக்கிரமிப்பாகும்.

பட்டா நிலத்தின் ஊடே செல்லும் பாதை மற்றொரு வகை. புலப்படத்தில் இது சில சமயம் புள்ளிக் கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பு, அளந்த காலத்தில் அங்கே ஒரு பாதை இருந்தது என்பதற்கு நல்ல சாட்சியம். ஆயினும் அது மட்டுமே உரிமையை உண்டாக்காது. பாத்தியதை என்னும் கேள்வி எழுவது இவ்வகை வழியிலேதான். ஆதலால் எவரும் முதற்காரியமாகத் தம் நிலத்தின் புலப்படத்தையும், சுற்றியுள்ள சர்வே எண்களின் புலப்படங்களையும், ‘அ’ பதிவேட்டுப் பிரதியையும் பெற்று ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். இவற்றை இப்போது தாலுக்கா ஆபீஸுக்குச் செல்லாமலே வருவாய்த் துறையின் இணையச் சேவை மூலமும் பெறலாம்.

பாத்தியதை உண்டாகும் விதங்கள்

முதலாவது, பத்திரத்தால் உண்டாவது. நிலமுடையவர் தம் நிலத்தின் மீது அயலாருக்கு வழி கொடுத்து எழுதிக் கொடுப்பதே எல்லாவற்றிலும் உறுதியானது. பாகப் பிரிவினைப் பத்திரத்திலும் கிரயப் பத்திரத்திலும் இதனைச் சேர்த்து எழுதலாம். தனிப் பத்திரமாகவும் எழுதலாம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள உரிமையை உண்டாக்கும் பத்திரம் ரிஜிஸ்தர் செய்யப்படல் வேண்டும்.

இரண்டாவது, அவசியத்தால் உண்டாவது. ஒருவருடைய நிலம் முழுவதும் ஒன்றாயிருந்து, அதில் ஒரு பகுதியை விற்பதாலோ, பாகம் பிரிப்பதாலோ, உயிலால் கொடுப்பதாலோ, உட்பகுதிக்கு மற்றப் பகுதியின் வழியாயன்றிச் செல்ல முடியாத நிலைமை ஏற்படுமாயின், 13-வது பிரிவின்படி அதற்கு வழி தானே உண்டாகும். வழியை எப்பக்கமாய் விடுவது என்பதைக் கொடுப்பவர் குறிப்பிடலாம். ஆனால் அது பெறுபவருக்கு நியாயமான வசதியுள்ளதாய் இருத்தல் வேண்டும். அவர் குறிப்பிட மறுத்தாலோ அசட்டை செய்தாலோ, பெறுபவரே குறிப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் குடியானவர் பலர் கொண்டுள்ள ஒரு தப்பெண்ணத்தை நீக்குதல் வேண்டும். தம் நிலத்திற்கு வேறு வழியில்லை என்பது ஒன்றே பக்கத்து நிலத்தின் மீது உரிமை தந்துவிடும் என்று அவர்கள் நம்புகின்றனர். அது சரியன்று. இரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து பிரிந்தனவாயின் மட்டுமே அவசிய வழி உண்டு. என்றும் வேறாயிருந்த அயலார் நிலத்தின் மீது அவசியத்தைக் காட்டி வழி கேட்க இயலாது. மேலும், அவசியம் வேறு, வசதி வேறு. தூரமாயினும் வேறு வழி ஒன்று இருக்குமாயின் அவசியம் என்பது இல்லை. அவசியம் நீங்கிய அன்றே, உதாரணமாக நிலத்தை ஒட்டிப் புதுச் சாலை அமைந்துவிட்டால், இப்பாத்தியதையும் 41-வது பிரிவின்படி நீங்கிவிடும். பத்திரத்தால் பெற்ற வழி அவ்வாறு நீங்காது. இந்த வேற்றுமையைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டார் விளக்கியுள்ளனர். ஆகையால் பாகம் பிரிக்கும் சகோதரர்கள், ‘வழி எப்படியும் உண்டு’ என்று விட்டுவிடாமல் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது எக்காலத்திற்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, நெடுங்கால அனுபவத்தால் உண்டாவது. 15-வது பிரிவின்படி இருபது வருஷம் சமாதானமாகவும், வெளிப்படையாகவும், இடைவிடாமலும், உரிமை என்ற முறையிலும் நடந்துவந்த வழிக்குப் பாத்தியதை ஏற்படும். சுமை தாங்கும் நிலம் சர்க்காருடையதாயின் முப்பது வருஷம் வேண்டும்; ஆதியில் அறுபதாயிருந்த இக்கெடு 1963-ம் வருஷத்துச் சட்டத்தால் முப்பதாகக் குறைக்கப்பட்டது. பயிர் நிற்கும் மாதங்களில் வண்டி ஓட்டாமல், அறுவடைக் காலத்தில் மட்டும் ஓட்டிவந்ததனால் அனுபவம் முறிந்ததாகாது. அவ்வழியின் இயல்பே அத்தகையது. ஆனால் இருளில் மறைந்து சென்றதும், சண்டையிட்டுச் சென்றதும், நிலத்துக்காரர் தயவால் சென்றதும் கணக்கில் சேரா.

இப்பிரிவில் அடங்கிய ஒரு நிபந்தனையைக் குடியானவர்கள் தவறாமல் நினைவில் வைத்தல் வேண்டும். அவ்விருபது வருஷமும் தாவா தொடுப்பதற்கு முந்திய இரண்டு வருஷத்திற்குள் முடிவுற்றதாயிருக்க வேண்டும். முப்பது வருஷம் ஓட்டிய வண்டிப்பாதையை ஒருவர் வேலியிட்டு அடைத்துவிட, ‘பஞ்சாயத்தில் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வெள்ளாமை போகட்டும்’ என்று மூன்று வருஷம் வாளாவிருந்து பிறகு கோர்ட்டுக்குச் செல்பவர், தம் முப்பது வருஷ அனுபவத்தையும் இழந்து நிற்க நேரும். தடை ஏற்பட்டதை அறிந்தும் ஒரு வருஷம் அதற்கு இணங்கியிருந்தால் அதுவே அனுபவத்திற்கு முறிவாகவும் கருதப்படும். காலதாமதத்தால் கெடும் உரிமை இதைப்போல் வேறில்லை.

நான்காவது, வழக்கத்தால் உண்டாவது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் கால்நடை மேய்க்க அவ்வூர்ப் பயிரிடுவோர் யாவருக்கும் உள்ள வழக்க உரிமையைச் சட்டத்தின் 18-வது பிரிவே உதாரணமாய்க் காட்டுகிறது. இவ்வகை உரிமை எவ்வளவு பெரிய வழக்காக முடியக்கூடும் என்பதற்குக் கும்மிடிப்பூண்டி தாலுக்காவைச் சேர்ந்த தேர்வாய்கண்டிகை சான்று. அங்கே மேய்க்காலாகவும் காடாகவும் கிராமத்தார் அனுபவித்துவந்த நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒதுக்கப்பட்டபோது அவர்கள் ஆட்சேபித்தனர். அப்பேட்டையில் அமைந்த மிச்செலின் டயர் ஆலை சம்பந்தமான முறையீடு 2012-ல் பிரான்சு தேசத்தில், பன்னாட்டுக் கம்பெனிகளுக்குரிய ஓ.இ.ஸி.டி. நெறிமுறைகளைக் கவனிக்கும் தேசியத் தொடர்பு மையம் வரையில் சென்றது. தொழிற்பேட்டை அமைந்தும் விட்டது. வழக்க உரிமை பத்திரத்தில் இராது. ஊராரின் நினைவிலும் நடையிலும் இருப்பது. ஆதலால் மேய்க்காலோ, களமோ, சுடுகாட்டுப் பாதையோ உள்ள கிராமங்கள், அவற்றின் சர்வே எண், பரப்பு, அனுபவம் ஆகியவற்றைக் கிராம சபைத் தீர்மானத்தில் முன்னரே பதிந்து வைத்தல் விவேகம்.

அனுமதி வேறு, பாத்தியதை வேறு

‘போய் வாருங்கள்’ என்று ஒருவர் தயவாய்ச் சொல்வது அனுமதியேயன்றிப் பாத்தியதையன்று. அனுமதியைக் கொடுத்தவர் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அனுமதியை நம்பிச் செலவிட்டு நிரந்தரமான வேலை ஏதும் செய்திருந்தாலே அது விலக்கு. நிலத்தைக் கொடுத்தவர் விற்றுவிட்டாலோ, வாங்கியவரை அவ்வனுமதி கட்டுப்படுத்தாது என்று 59-வது பிரிவு கூறுகிறது. தொழிற்பேட்டையைச் சுற்றி நிலங்கள் கைமாறும் இக்காலத்தில் இதுவே பல குடியானவர்களுக்கு ஏற்படும் இடுக்கண். பழைய நிலத்துக்காரரின் நல்ல மனம் புதிய நிலத்துக்காரரிடம் கிரயமாவதில்லை. எனவே அயலார் நல்லவராயிருக்கும் காலமே வழியை எழுதி வாங்கிக்கொள்ளத் தக்க காலம்.

கொடுப்பவருக்கும் இதில் கவனிக்க வேண்டியதுண்டு. தயவாய் விட்ட வழி இருபது வருஷத்தில் உரிமையாய் மாறிவிடுமோ என்னும் அச்சத்தாலேயே பலர் வழி விட மறுக்கின்றனர். ‘இது அனுமதியே’ என்று ஒரு சிறு உடன்படிக்கை எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்தால் அவ்வச்சம் நீங்கும்; அயலாருக்கும் அவ்வருஷத்து அறுவடை நடந்தேறும்.

பாத்தியதையின் அளவும் கடமையும்

ஒருவகை வழியில் மற்றொரு வகை அடங்காது என்பது 28-வது பிரிவின் விதி. கால்நடையாய்ச் செல்ல உரிமையுள்ளவர் அவ்வுரிமையைக் கொண்டு வண்டி ஓட்ட இயலாது. முற்காலத்துப் பத்திரங்களில் ‘ஏர், கலப்பை, வண்டி’ என்று எழுதியது அக்காலத்திற்குப் போதுமானதாயிருந்தது. இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செல்லவேண்டியிருப்பதால் அகலத்தை அடிக்கணக்கில் எழுதாத பத்திரங்கள் வழக்கிற்கு இடந்தருகின்றன.

இவ்விதி ஆலைகளுக்கும் பொருந்தும். வயலுக்கென்று ஏற்பட்ட வண்டிப்பாதையையுடைய நிலத்தை ஓர் ஆலையார் வாங்கி, அதே பாதையில் நாள் முழுதும் பார லாரிகளை ஓட்டத் தொடங்குவாராயின், சுமை தாங்கும் நிலத்துக்காரர் அதை ஆட்சேபிக்கலாம். பயன் பெறும் நிலத்தில் மாறுதல் செய்து பாத்தியதையின் பாரத்தை அதிகமாக்க இயலாது என்பது 29-வது பிரிவு.

வழியை உபயோகிப்பவர் அயலாருக்கு எவ்வளவு குறைந்த தொந்தரவு நேருமோ அவ்வளவில் உபயோகிக்க வேண்டும். பாதையில் அதன் இரு முனைகளில் நுழைய வேண்டுமேயன்றி இடையில் கண்ட இடத்தில் பயிரை மிதித்து நுழைதல் கூடாது. பயன்பெறுவோருக்குத் தீங்கில்லாமல் ஒரு குறிப்பிட்ட ஓரத்தில் வழியை அடக்கக்கூடுமாயின், நிலத்துக்காரர் கேட்டபோது அவ்வாறே அடக்கிக்கொள்ள வேண்டும். பாதையைச் செப்பனிடும் செலவு பயன் பெறுவோருடையது; அதற்காக நுழைந்து வேலை செய்ய அவருக்கு உரிமையும் உண்டு. நிலத்துக்காரர் பாதையைக் கெடுக்காமலும் அடைக்காமலும் இருந்தாற் போதும். மண்ணடித்துத் தரவேண்டிய கடமை அவருக்கில்லை.

இருபது வருஷம் ஒருவர் தம் வழியை உபயோகியாதிருந்தால் 47-வது பிரிவின்படி அது அழிந்துபோகும். வேறூரில் வசிப்போரும், நிலத்தைத் தரிசாய்ப் போட்டிருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். அவ்விருபது வருஷத்திற்குள் ‘இவ்வழியை நாம் வைத்துக்கொள்ளக் கருதுகிறோம்’ என்று ஒரு பிரகடனத்தை ரிஜிஸ்தர் செய்துவிட்டால், ரிஜிஸ்தர் தேதியிலிருந்து மேலும் இருபது வருஷம் அது அழியாமல் நிற்கும். இந்த எளிய பரிகாரத்தைப் பலர் அறியார்.

நீர் செல்லும் வழி

வாய்க்கால் பாத்தியதைக்கும் மேற்கூறிய விதிகளே பொருந்தும். இத்துடன் இயற்கையாயுள்ள ஓர் உரிமையும் உண்டு. மேட்டு நிலத்தில் இயல்பாய்ப் பெய்து, கால்வாய் வழியாயன்றிப் பரந்தோடும் மழை நீரைப் பள்ளத்து நிலத்தார் தம் நிலத்தில் ஓட விடவேண்டும் என்பது 7-வது பிரிவு. இதற்கு இருபது வருஷ அனுபவம் வேண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நீர் வடியும் இத்தாழ்நிலங்களில், சுற்றுச்சுவரும் மேடாக்கிய மனைகளும் வடிகாலை மறித்து மேல் வயலை முழுகச் செய்யும்போது இவ்வுரிமையே குடியானவர்க்குத் துணை. மாறாக, பூமிக்கடியில் குறிப்பிட்ட ஓடையாய் ஓடாத ஊற்று நீரின் மீது நெடுங்கால அனுபவத்தால் எவரும் பாத்தியதை பெற முடியாது என்று 17-வது பிரிவு கூறுகிறது. பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றால் தம் கிணறு வற்றியது என்பவருக்கு இச்சட்டத்தில் இடமில்லை. ஏரி, வரத்துக்கால், கலங்கல் ஆகியவற்றின் ஆக்கிரமிப்பைப் பற்றி 2007-ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் தனியே உள்ளது.

நில எடுப்பும் குழாய்ப் பாதையும்

சர்க்கார் நிலத்தை எடுக்கும்போது அது எல்லா வில்லங்கங்களும் நீங்கிச் சர்க்காரைச் சேரும். அதன் மீதிருந்த தனியார் வழிப் பாத்தியதையும் அத்துடன் நீங்கும். தம் நிலம் எடுபடவில்லை என்று நிம்மதியாயிருந்தவர், தம் வழி எடுபட்டதைப் பின்னரே அறிவதுண்டு. 2013-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தின் மீது பாத்தியதையுள்ளவரையும் ‘சம்பந்தப்பட்டவர்’ என்றே கொள்கிறது. எனவே அவரும் முதல் அறிவிப்பு வெளியான அறுபது நாட்களுக்குள் ஆட்சேபணை தரலாம். இழப்பீட்டில் பங்கும் கேட்கலாம். தொழிற்பேட்டைகளுக்கு 1997-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் எடுப்பதும் உண்டாகையால், நோட்டீஸில் எச்சட்டம், எத்தவணை என்று கண்டிருக்கிறதோ அதனைப் பார்த்து நடத்தல் வேண்டும். ஆட்சேபணையில், ‘நிலத்தை எடுப்பதாயின் எங்கள் வயலுக்குப் பதில் வழி ஒன்று விடவேண்டும்’ என்று புலப்படத்துடன் கேட்பதே பயன் தரும்.

எரிவாயு, எண்ணெய்க் குழாய்கள் வேறு விதம். எண்ணூர்த் துறைமுகத்தில் 2019-ல் திரவ எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கிய பின்னர் இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் குழாய் நோட்டீஸை அதிகமாய்க் காண்கின்றனர். 1962-ம் வருஷத்துக் குழாய்ப்பாதைச் சட்டத்தின்படி நிலம் எடுக்கப்படுவதில்லை. நிலத்தை உபயோகிக்கும் உரிமை மட்டுமே எடுக்கப்படுகிறது. நிலம் குடியானவருடையதாகவே இருக்கும். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடலாம். ஆனால் அப்பட்டையில் கட்டிடம் கட்டவோ, கிணறும் குளமும் வெட்டவோ, மரம் நடவோ கூடாது. வேலையால் நேரும் சேதத்திற்கு நஷ்டஈடும், அதன் மேல் அந்நிலத்தின் மார்க்கெட் மதிப்பில் நூற்றுக்குப் பத்தும் தரப்படும். ஆட்சேபணைக்குக் கெடு இருபத்தொரு நாட்களே. மா, தென்னை வைக்கவோ கிணறு வெட்டவோ எண்ணியிருந்தவர் அக்கெடுவுக்குள் குழாயை ஓரமாய் நகர்த்தும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழி அடைபட்டால் செய்ய வேண்டுவன

முதலாவது, தடையைத் தாமே பிடுங்கி எறிதல் கூடாது. நியாயம் தம் பக்கமிருந்தாலும் பாத்தியதையுள்ளவர் தடையைத் தாமே அகற்றக்கூடாது என்று 36-வது பிரிவு தெளிவாய்த் தடுக்கிறது. வேலியை வெட்டியவர் அதனால் கிரிமினல் வழக்கில் மாட்டிக்கொள்ள, அடைத்தவர் வாதியாய் நிற்பதே பெரும்பாலும் விளைவு.

இரண்டாவது, தடை ஏற்பட்ட தேதியை எழுதி வைத்து, அடைத்தவருக்கு உடனே எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். தடைக்கு இணங்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மூன்றாவது, பாதை புறம்போக்காயின் தாசில்தாருக்கு மனுச் செய்து அளந்து ஆக்கிரமிப்பை அகற்றும்படி கேட்கலாம். தனியார் நிலத்தின் மீதுள்ள வழியைப் பற்றிச் சச்சரவு எழுந்து சமாதானக் கேடு நேருமென்று தோன்றினால், 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 166-வது பிரிவின்படி நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரித்துத் தற்காலிக உத்தரவு செய்யலாம். எக்காலமும் உபயோகிக்கும் வழியாயின் முந்திய மூன்று மாதத்திற்குள்ளும், பருவத்தில் மட்டும் உபயோகிக்கும் வழியாயின் கடைசிப் பருவத்திலும் உபயோகித்திருத்தல் வேண்டும். அறுவடைக்கு மட்டும் வண்டி ஓட்டுபவர் சென்ற அறுவடையில் ஓட்டியதைக் காட்டினால் போதும்.

நான்காவது, பாத்தியதையை முடிவாய்த் தீர்மானிப்பது சிவில் கோர்ட்டே. பொன்னேரி, திருவள்ளூர் முதலிய இடங்களிலுள்ள கோர்ட்டுகளில் பாத்தியதையை ஸ்தாபிக்கவும், தடையை அகற்றவும் தாவாச் செய்யலாம். பிராதில் வழி எங்கே தொடங்கி, எந்தச் சர்வே எண்களின் எந்த ஓரமாய், எவ்வளவு அகலத்தில், எங்கே முடிகிறது, எந்த வருஷம் முதல் யார் யார் எதற்காக உபயோகித்தனர் என்பவற்றைத் திட்டமாய்ச் சொல்ல வேண்டும். கோவாவினின்றும் வந்து 2005-ல் தீர்ப்பு நூல்களில் வெளியான ஒரு வழக்கில், எந்தக் காலம் முதல் வழி உபயோகிக்கப்பட்டது என்பதைப் பிராதிலும் சாட்சியத்திலும் தெளிவாய்க் காட்டாமையாலேயே சுப்ரீம் கோர்ட்டார் பாத்தியதையை மறுத்தனர். செலவுக்கு வழியற்றவர் தாலுக்கா சட்டப் பணிகள் குழுவை நாடலாம். அங்குள்ள மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாய் முடிவதற்கும் இடமுண்டு.

சமாதானமாய் வழி விடும் முறை

வழக்கின் செலவையும் வருஷங்களையும் நோக்கினால் வழியின் விலை சொற்பமே. முந்நூறு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள ஒரு பாதைக்கு வேண்டுவது மூவாயிரத்து அறுநூறு சதுர அடி. அஃதாவது எட்டேகால் சென்ட் அளவே. அடுத்தடுத்த இருவர் தம் பொது வரப்பின் இருபுறமும் ஆறடி வீதம் விட்டால் ஒவ்வொருவருக்கும் குறைவது நாலு சென்ட்டுக்குச் சிறிது அதிகம். அதற்கு ஈடாக இருவர் நிலத்திற்கும் அறுவடை இயந்திரம் வந்து சேரும். நிலத்தின் மதிப்பும் உயரும்.

பத்திரத்தில் கீழ்க்கண்டவாறு எழுதிக்கொள்ளலாம்: ‘இன்ன கிராமம் இன்ன சர்வே எண் நிலத்தின் தென்னோரமாய், கிழக்கே வண்டிப்பாதைப் புறம்போக்கு தொடங்கி மேற்கே இன்ன சர்வே எண் நிலம் வரையில், பன்னிரண்டு அடி அகலத்தில், ஆட்களும் கால்நடையும் நடக்கவும், வண்டி, டிராக்டர், அறுவடை இயந்திரம் முதலியன விவசாயத்தின் நிமித்தம் சென்றுவரவும், ஓரத்தில் இரண்டடி அகல வாய்க்காலில் நீர் கொண்டு செல்லவும், மேற்படி நிலத்திற்கு என்றென்றைக்கும் பாத்தியதை உண்டு. செப்பனிடும் செலவு பயன் பெறுவோருடையது.’ இதனுடன் புலப்படப் பிரதி ஒன்றில் சிவப்பு மையினால் பாதையைக் குறித்து, பத்திரத்துடன் இணைத்து ரிஜிஸ்தர் செய்தால், பின்னால் வாங்குபவர் வில்லங்கச் சான்றிலேயே அதைக் கண்டுகொள்வர்.

கிராம உத்தியோகஸ்தர் கடமை

1980-ல் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் எடுபட்டபின் கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. பழைய கர்ணம் வழிவழியாய் அவ்வூரிலேயே இருந்ததால் எந்த வண்டி எந்த வரப்பில் ஏறும் என்பதைக் கணக்கைப் பாராமலே சொல்வார். மாறிமாறி வரும் அலுவலருக்கு அந்நினைவு இருத்தல் அரிது. ஆதலால் எழுத்தே அவருக்கு ஆதாரம். பாத்தியதை உண்டு, இல்லை என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆயினும் அடங்கல் தணிக்கையின்போது புறம்போக்குப் பாதைகளை நடந்து பார்த்து, புதிதாய் எழும் வேலியையும் சுவரையும் தாமதமின்றித் தாசில்தாருக்கு அறிவிப்பதும், ஸ்தல நிலைமையைக் கேட்டபோது கண்டதைக் கண்டபடி தேதியுடன் எழுதித் தருவதும் அவரால் ஆகும். கோர்ட்டில் பல வருஷம் கழித்து வழக்கு வரும்போது, அன்று அவர் எழுதிய நாலு வரி ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கலாம்.

நிலமுடையோரும் வரும் பட்டத்திற்கு முன்னே ஒரு நாளை இதற்கென ஒதுக்கித் தம் புலப்படத்தைக் கையில் கொண்டு, வண்டிப்பாதை முதல் தம் வயல் வரையில் நடந்து பார்ப்பாராக. எங்கே புறம்போக்கு, எங்கே பிறர் பட்டா, எங்கே வெறும் தயவு என்று அறிந்து, தயவால் செல்லும் இடத்தை அயலாருடன் பேசி எழுத்தாக்கிக்கொள்வாராக. பக்கத்து நிலத்திற்குக் கிரயம் பேசுவதாகக் கேள்விப்பட்டால், வாங்க வருபவருக்குத் தம் பாத்தியதையை எழுத்து மூலம் தெரிவித்துவிடுவதும் அவசியம். சுவர் எழும்பிய பிறகு செய்யும் பத்து மனுக்களைவிட, அஸ்திவாரக் குழி தோண்டுமுன் கொடுக்கும் ஒரு நோட்டீஸ் பலனுடையது.